அண்ணன் இருந்த சுவர்

எங்கள் வீட்டுச் சுவரின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது. கோடை முடிந்து முதல் தூறல் விழுந்ததும் செம்மண் சுவர் ஆள் மாதிரி வியர்க்கும். அப்போது போய் மூலையில் நகத்தால் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டால் முதலில் ஒரு குளிர்ச்சி, அப்புறம் லேசான துவர்ப்பு, கடைசியில் பல்லுக்கு நடுவே நறநறவென்று மணல். சாம்பல் தின்கிற பிள்ளைகள் உண்டு, சிலேட்டுக்குச்சி தின்கிற பிள்ளைகள் உண்டு. நான் சுவர் தின்கிற பிள்ளை. "சொவுருதின்னி" என்றுதான் தெருவில் எனக்குப் பெயர். எல்லாச் சுவரும் ஒரே ருசி என்று நினைத்துவிடக் கூடாது. மேற்குப் பக்கம் அடுப்படிச் சுவர் புகையும் கரிப்புமாக இருக்கும், தின்றால் தண்ணீர் தாகம் எடுக்கும். மாடு கட்டுகிற பக்கத்துச் சுவரை வாயில் வைக்க முடியாது. கிழக்குச் சுவர்தான் நல்ல ருசி. கண்ணைக் கட்டிவிட்டு ஒவ்வொரு துண்டாகக் கொடுத்தாலும் எது எந்தச் சுவர் என்று சொல்லிவிடுவேன். என் தம்பி ஜோசப் அப்படிக் கொடுத்துப் பந்தயம் கட்டி என்னிடம் பலமுறை தோற்றிருக்கிறான்.

எனக்கு ஐந்தோ ஆறோ வயதிருக்கும். அம்மா ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டாள் என்று நினைத்து, கிழக்குச் சுவரின் அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து முதுகில் ஓர் அடி விழுந்தது. அம்மா எங்களை அடிக்கிறவள் அல்ல, அன்றைக்கு அடித்தாள். என் வாய்க்குள் விரலை விட்டு மண்ணை எல்லாம் தோண்டி எடுத்தாள். எடுத்ததைக் கீழே உதறாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"அடுப்படிச் சொவுர வேணும்னா தின்னு, வயித்துல பூச்சி வெச்சி சாவு, நான் கேக்கல. இத்தத் தொடாத. இதுல உங்கண்ணன் இருக்கான்டி."

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அந்தச் சாயங்காலம் முழுக்க வாந்தி எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. அண்ணனைத் தின்றுவிட்டோம் என்கிற பயம் ஒரு சின்னப் பிள்ளைக்கு எப்பேர்ப்பட்டது என்று படிக்கிறவர்கள் நினைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்று படுக்கப் போகுமுன் சுவரைப் பார்த்து முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டேன்.

பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டது இது. எங்கள் பழைய ஊர் இப்போது இல்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டத் தொடங்கிய காலத்திலேயே அது சுரங்கத்துக்குள் போய்விட்டது. ஊரைக் காலிசெய்தபோது மற்றவர்கள் கதவு, நிலை, ஓடு, உரல், அம்மி என்று வண்டியில் ஏற்றினார்கள். அம்மாவுக்கு ஏற்ற வேண்டியது வேறொன்று இருந்தது. என் அண்ணன் அந்தோணி, ஞானஸ்நானம் வாங்கி ஒரு வருஷம் ஆவதற்குள் காய்ச்சலில் போனவன், ஊர்க் கல்லறையில் வேலியோரமாகக் கிடந்தான். தோண்டி எடுத்துக்கொண்டு போகலாமா என்று அப்பா போய்க் கேட்டதற்கு, செத்த பிள்ளை சம்மனசு, வானதூதன் மாதிரி, சம்மனசின் தூக்கத்தைக் கலைக்கக் கூடாது என்று கோயில் உபதேசியார் சொல்லிவிட்டாராம். அம்மா தோண்டவில்லை. குழிக்கு மேலே மேடாகக் கிடந்த மண்ணை மட்டும் கையால் வழித்து அள்ளி, தன் கலியாணப் புடவையில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு கடைசி வண்டியில் ஏறினாள். வழி நெடுக அந்த மூட்டையை மடியிலிருந்து இறக்கவே இல்லை என்றும், வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள் என்றும் அப்பா சொல்வார்.

வந்து இறங்கிய இடம் மந்தாரக்குப்பத்துக்கு அந்தாண்டை, முந்திரியும் முள்ளுமாகக் கிடந்த ஒரு மேடு. என் அப்பா சவரிமுத்துதான் அங்கே முதலில் மண்வெட்டி போட்டவர். அங்கேயே குழி வெட்டி, அந்தச் செம்மண்ணையே தண்ணீர் விட்டுக் குழைத்து, முழ உயரத்துக்கு ஓர் அடுக்கு வைத்து, அது காய்ந்து இறுகுகிற வரை காத்திருந்து, அதன் மேல் அடுத்த அடுக்கு வைத்து எழுப்பிய வீடு அது. மேலே பனங்கை போட்டு, கரும்புச் சோகை வேய்ந்திருந்தது. கிழக்குச் சுவரின் முதல் அடுக்குக்குக் குழைத்த மண்ணில்தான் அம்மா புடவை மூட்டையை அவிழ்த்துக் கொட்டினாள்.

பின்னால் வந்து குடியேறியவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டை வைத்துத்தான் தங்கள் வீட்டுக்கு அடையாளம் சொன்னார்கள். "சவரிமுத்து வூட்டுக்கு நாலாவது வூடு", "சவரிமுத்து வூட்டாண்ட திரும்புனா" என்றுதான் பேச்சு. சிற்றாலயம் கட்டுகிற வரைக்கும் சனிக்கிழமை செபமாலை எங்கள் வீட்டில்தான் நடந்தது. கிழக்குச் சுவரில் விளக்கு மாடம் மாதிரி ஒரு பிறை உண்டு. அதில் மாதா சுரூபம். சுவர் அவ்வளவு தடிமன், பிறைக்குள் என் கை முழங்கை வரைக்கும் போகும். வெளியே அக்கினி நட்சத்திரத்து வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே புதுப்பானைக்குள் உட்கார்ந்திருப்பது போலக் குளிர்ந்திருக்கும். நிலம் போன துக்கத்தில் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்த குடும்பங்கள்கூட அந்தச் சுவருக்கு முன்னால் ஒன்றாக முழங்காலில் நின்றன. அதற்குள் எங்கள் அண்ணன் இருக்கிறான் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். முதுகு சாய்த்து உட்கார வேண்டுமென்றால் மற்றச் சுவர்களில்தான் சாய்வார்கள்.

ஐப்பசியில் வருகிற கல்லறைத் திருநாளுக்கு மற்றவர்கள் மெழுகுவர்த்தியும் பூவும் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். எங்களுக்கு அங்கே அப்போது யாரும் இல்லை. அம்மா அதற்கு முந்தின வாரமே செம்மண்ணும் சாணியும் குழைத்துக் கிழக்குச் சுவரைத் தன் கையால் பூசுவாள். விரல் நாலும் பிறைநிலா மாதிரி வளைவு வளைவாகச் சுவரில் விழும். மழையில் வருஷா வருஷம் கொஞ்சம் கரையும், அவளும் வருஷா வருஷம் பூசுவாள். அந்த வேலையில் எங்கள் யாரையும் சேர்க்க மாட்டாள். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து விடுகிற மாதிரி மேலிருந்து கீழாக, அவசரமில்லாமல் பூசுவாள். திருநாள் அன்று சாயங்காலம் சுவரடியில் ஒரு மெழுகுவர்த்தி, நாலு சாமந்தி. பங்குச் சாமியார் கல்லறைத் தோட்டத்தை மந்திரித்துவிட்டுப் போகிற நேரம் பார்த்து நாங்கள் வீட்டுக்குள்ளேயே செபம் சொல்லி முடிப்போம்.

அப்பாவுக்கு அப்போது காண்ட்ராக்டில் வேலை. டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கட்டிக்கொண்டே இருந்த காலம் அது. பூச்சு மேஸ்திரி ஒருவரிடம் கையாளாக இருந்தார். அவர் கலவை கலந்து கொடுத்த சுவர்கள் எல்லாம் கண்ணாடி மாதிரி வழவழவென்று, கை வைத்தால் ஒரு தூள் ஒட்டாமல் நின்றன. வீட்டுக்கு வந்து அந்தச் சுவர்களைப் பற்றியே பேசுவார். எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு கோடையில், மேஸ்திரியிடம் கேட்டுச் சிமெண்டு வாங்கி வந்து இறக்கினார். அம்மா வெளியே வந்து மூட்டையைப் பார்த்து நின்றாள்.

"வருஷா வருஷம் மழையில கரைஞ்சி போறான் புள்ள. நீயும் பூசிகினே இருக்க. இன்னும் எத்தினி நாளைக்குப் பூசுவ? குவார்ட்டர்ஸ் சொவுரு மாதிரி பூசி வுட்டுட்டா அவன் எங்கியும் போவ மாட்டான் லூர்து" என்றார் அப்பா.

அம்மா மறுப்புச் சொல்லவில்லை. சந்தோஷப்பட்டாள் என்றே நினைக்கிறேன். அப்பா காலையில் வேலைக்குப் போய்வந்து, சாயங்காலம் சாயங்காலமாக, உள்ளும் புறமும் கிழக்குச் சுவர் முழுவதையும் பூசினார். வெளிப்பக்கம் சுண்ணாம்பு அடித்து, உள்பக்கம் பிறைக்கு மேலே ஒரு சிலுவையும் வரைந்தார். அந்த மேட்டிலேயே சிமெண்டு பூசிய முதல் சுவர் அதுதான். தெருவே வந்து பார்த்தது. பக்கத்து வீட்டுத் தெரசாக்கா இடுப்பில் குடத்தோடு நின்று பார்த்துவிட்டு, "அப்பன் இன்னும் காண்ட்ராக்டுதான், புள்ளைக்கு பர்மனென்ட் ஆயிட்டுது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனைப் பற்றிய பேச்சில் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அம்மாவுக்குப் பூசுகிற வேலை இல்லை. சும்மா உட்கார முடியாமல் அடுப்படிச் சுவரை இரண்டு தடவை மெழுகினாள். மெழுகுவர்த்தி ஏற்றும்போது சுவரடியில் தொட்டுப் பார்த்து, "சில்லுனு இருக்குதே" என்றாள். சிமெண்டு அப்படித்தான் இருக்கும் என்றார் அப்பா. அடுத்த வருஷம் கீழே வெள்ளையாக உப்புப் பூத்தது. தட்டினால் பொத்துப் பொத்தென்று காலிப் பானைச் சத்தம் கேட்டது. அப்பா ஈர்க்குச்சியால் உப்பைக் கூட்டித் தள்ளிவிட்டு மேலே இன்னொரு கை சிமெண்டு வைத்தார். தரையிலிருந்து ஏறுகிற ஈரம் மண்சுவரில் வழக்கம்போல ஏறியது. முன்பெல்லாம் ஏறிய ஈரம் வெயிலில் வெளியே போய்விடும். இப்போது போவதற்கு வழி இல்லை. இதெல்லாம் பிற்பாடு யோசித்துத் தெரிந்துகொண்டது. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சிமெண்டு பெரியது, மண் சின்னது என்பதுதான்.

மூன்றாவது மழைக்காலத்தில் சுவர் விழுந்தது. விடாமல் பெய்துகொண்டிருந்த கார்த்திகை மழையில் ஒரு காலை, சுரங்கத்தில் முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதி அடங்கிய நேரம். அப்பா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சுவர் இடிகிற சத்தம் பெரிதாகக் கேட்கும் என்று நினைப்பார்கள். கேட்கவில்லை. ஈரத்துணி மூட்டை ஒன்று தொப்பென்று விழுந்த மாதிரி இருந்தது, வீட்டுக்குள் திடீரென்று வெளிச்சம் வந்தது. வெளிப்பக்கமாகச் சாய்ந்ததால் நாங்கள் தப்பினோம். அப்பா வரைந்த சிலுவையோடு சிமெண்டுப் பூச்சு பெரிய பலகையாக உடையாமல் கிடந்தது. அதற்கு அடியில் மண், மண்ணாக இல்லை, கூழாக இருந்தது. மாதா சுரூபம் மூக்கு உடைந்து அந்தக் கூழில் குப்புறக் கிடந்தது. அப்பா வேலைக்குப் போகவில்லை. பலகையின் ஓரத்தில் கையை வைத்துக்கொண்டு மழையிலேயே உட்கார்ந்திருந்தார். சவப்பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர் மாதிரி இருந்தது.

அம்மா முதலில் செய்தது, மாடு கட்டுகிற பக்கத்துக்கு வேய வைத்திருந்த கீற்றுகளை எல்லாம் இழுத்து வந்து அந்த மண்மேட்டின் மேல் மூடியது. வீட்டுக்குள் எங்கள் மேல் சாரல் அடித்தது. மண்ணின் மேல் அடிக்கக் கூடாது என்பதில் குறியாக இருந்தாள். உறவுக்காரர்கள் வந்தார்கள். பந்தக்கால் நட்டுக் கூரையைத் தாங்க வைத்தார்கள். மண்ணை வாரிப் பள்ளத்தில் கொட்டிவிட்டுச் செங்கல் வைத்து எழுப்பிவிடு, இனிமேல் யார் மண் வைத்துக் கட்டுகிறார்கள் என்று அப்பாவிடம் சொன்னார்கள். மழை முழுக்க அந்த மேடு கீற்றுக்கு அடியில் கிடந்தது. "மண்ணு மேட்டுக்குக் கொட புடிக்கிறா லூர்து" என்று ஊர் பேசியது. தெரசாக்கா மட்டும் பேசவில்லை. காற்றில் பறந்த கீற்றை எடுத்து வந்து போட்டுவிட்டுப் போனாள்.

மழை விட்டதும் சாமியார் வீடு சந்திக்க வந்தார். யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். வயதான மனிதர், நிதானமாகப் பேசுவார். பிள்ளையின் ஆத்துமம் ஆண்டவரிடம் இருக்கிறது, மண்ணைக் கட்டிக்கொண்டு அழுவது விசுவாசிக்கு அழகில்லை என்று அம்மாவுக்கு எடுத்துச் சொன்னார். அம்மா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு கடைசி வரை கேட்டாள்.

"ஆத்துமா ஆண்டவர்கிட்டதான் இருக்குதுங்க சாமி. அத நான் கேக்கலீங்க. ஒடம்பு மட்டும் எங்கிட்ட இருக்கட்டுங்க."

சாமியார் குனிந்து ஒரு கீற்றை விலக்கி மண்ணைப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து தீர்த்தத்தை எடுத்து, கல்லறையை மந்திரிக்கிற செபத்தைச் சொல்லி, அந்த மண்மேட்டைச் சுற்றித் தெளித்தார். போகும்போது அப்பாவிடம், அந்த மண்ணையே வைத்துக் கட்டு என்று மட்டும் சொன்னார்.

மண்ணைக் குழைக்க வேண்டுமென்றால் மிதிக்க வேண்டும். காலால் மிதித்து மிதித்துத்தான் மண் பதத்துக்கு வரும். அப்பா மண்ணுக்குள் ஒரு காலை வைத்தார், எடுத்துவிட்டார். ஆள் கூப்பிடலாம் என்றார்கள், அம்மா ஒப்பவில்லை. "கோழி மிதிச்சி குஞ்சு சாவுமா" என்று சொல்லிக்கொண்டே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளே இறங்கினாள். முதல் தடவை கட்டியபோதும் அவள்தான் மிதித்தாளாம். அருள் நிறைந்த மரியே செபத்துக்கு ஓர் அடி, அர்ச்சிஷ்ட மரியாயே செபத்துக்கு ஓர் அடி என்று செபமாலை முழுவதையும் மிதித்துச் சொன்னாள். நானும் ஜோசப்பும் தண்ணீர் ஊற்றினோம். அப்பா உருண்டையாகத் திரட்டி அடுக்கு வைத்தார். அவர் அழுதுகொண்டே வைத்ததைப் பார்த்தேன். சுவர் எழும்பி முடிந்தபோது கொஞ்சம் மண் மிஞ்சியது. அதை வெளியே எறியக் கூடாது என்று அம்மா மற்றச் சுவர்களின் வெடிப்புகளில் அப்பி அடைத்தாள்.

அந்த வீட்டின் மதிப்பு எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது என்று சொல்ல வேண்டும். செங்கல் சுவர் விழுந்தால் உடைசல்தான், குப்பைதான். எங்கள் சுவர் விழுந்த இடத்தில் தன் மண்ணிலேயே மறுபடி எழுந்து நின்றது. அப்பா அதற்கப்புறம் குவார்ட்டர்ஸ் சுவர்களைப் பற்றி வீட்டில் பேசவில்லை. கூரையை மட்டும் வருஷம் தவறாமல் வேய்ந்தார். "மேல கூரை இருந்தா மண்ணும் கல்லு" என்பார்.

நான் கலியாணமாகி மந்தாரக்குப்பத்துக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்குச் சின்னதாக மளிகைக் கடை. ஜோசப் சுரங்கத்தில் காண்ட்ராக்டுக்குப் போனான். அப்பாவைப் போலவே அவனும் கடைசி வரை பர்மனென்ட் ஆகவில்லை. அப்பா இறந்து கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்த அன்றைக்கு, கால் கழுவிவிட்டு உள்ளே வந்த எங்கள் இருவரையும் அம்மா கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"என்ன அவுரு பக்கத்துலயே வெச்சிருங்க. வேணாங்கல. ஆனா குழியில எம்மேல மொதல்ல வுழுறது இந்தச் சொவுத்து மண்ணா இருக்கணும். ஒரு புடி போதும். நான் எம்புள்ளையோட போவணும்."

சரி என்று இரண்டு பேரும் சுவரைத் தொட்டுச் சொன்னோம். வீடு எங்கே போய்விடப் போகிறது என்றுதான் நினைத்தோம்.

சுரங்கம் வளர்ந்து வளர்ந்து நாங்கள் குடியேறிய மேட்டுக்கும் வந்தது. நஷ்டஈட்டுக்கு மதிப்புப் போட வந்தவர் முந்திரியையும் பலாவையும் எண்ணினார், கிணற்றைப் பார்த்தார், வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மண் சுவர், சோகைக் கூரை என்று எழுதிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை.

அதே சமயத்தில்தான் கட்டடக் கலை படிக்கிற ஒரு பிள்ளை கேமராவும் அளவு நாடாவுமாக வந்தான். போகப் போகிற பழைய வீடுகளைப் படம் எடுத்துவைக்கிறானாம். எங்கள் வீட்டுக்குள் வந்ததும் செருப்பை வெளியே போய்க் கழற்றிவிட்டு வந்தான். சுவரில் அம்மாவின் விரல் பிறைகளின் மேல் தன் விரலை ஓட்டிப் பார்த்தான். முதலில் வந்து குடியேறியவர்கள் கட்டிய மண்வீட்டில் முழுசாக நிற்பது இது ஒன்றுதான், இதற்குப் பாரம்பரிய மதிப்பு இருக்கிறது என்றான். ஜோசப் சிரித்தான்.

"மதிப்புப் போட வந்தவரே ஒன்னும் போடல. நீ இன்னா தம்பி போடப் போற?"

அந்தப் பிள்ளைக்கு முகம் சுண்டிப் போனது. மண்ணைச் சோதித்துப் பார்க்க ஒரு துண்டு வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். கிழக்குச் சுவரின் பக்கம்தான் கையைக் காட்டினான். அம்மா கட்டிலிலிருந்து எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "இது எடுக்கிற சொவுரு இல்ல கண்ணு. அந்தாண்ட அடுப்படியில எடுத்துக்கோ" என்று கூட்டிக்கொண்டு போய், அரிவாளால் அவளே மேற்குச் சுவரில் ஒரு கட்டி பெயர்த்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு உடம்பு விழுந்துவிட்டது. என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஜோசப் மாற்று மனையில் வீடு கட்ட வேண்டியிருந்தது. ஊரில் எல்லாரும் செய்கிற மாதிரிதான் அவனும் செய்தான். ஆளில்லாத வீட்டிலிருந்து யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று முதலில் கூரையைப் பிரித்துப் பனங்கைகளை எடுத்துவந்துவிட்டான். சுவர் எங்கே போகும், கல் மாதிரி நிற்கிறது, நிதானமாக டிராக்டர் வைத்துக் கிழக்குச் சுவரின் மண் முழுவதையும் அள்ளி வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். ஒரு பிடி இல்லை, முழுச் சுவரும் கொண்டுவர நினைத்தான் என் தம்பி. பாசம் இல்லாதவன் அல்ல. அப்பா சொன்ன வார்த்தையில் பாதிதான் அவன் மனதில் நின்றது. மண்ணும் கல்லுதான், கூரை இருக்கிற வரைக்கும்.

அந்த வருஷம் மழை முன்னாலேயே பிடித்துக்கொண்டது. என் வீட்டில் கண்ணைத் திறக்கும்போதெல்லாம் அம்மா, "மண்ணு வந்திச்சாடி?" என்பாள். ஜோசப்பைக் கேட்டால், "மழ வுட்டதும் டிராக்டர் போவுங்கா. இப்பப் போனா செக்கச்செவேல்னு சேறு, சக்கரம் புதைஞ்சிக்கும்" என்பான். அம்மாவைத் திருப்பிப் போட, துடைக்க, கஞ்சி கொடுக்க என்று எனக்கு வாசலைத் தாண்ட முடியவில்லை. கல்லறைத் திருநாளுக்கு என் வீட்டுச் சிமெண்டுச் சுவரடியில் மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னாள். ஏற்றினேன். அவள் அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பொங்கல் கழிந்து வழி காய்ந்ததும் ஜோசப் டிராக்டரோடு போனான். நானும் சாக்கு எடுத்துக்கொண்டு பின்னால் ஏறிக்கொண்டேன். மேட்டுக்குப் போகிற வழியை அடைத்திருந்தார்கள். வேலிக்கு அப்புறம் முந்திரி இல்லை, பலா இல்லை, மேடும் இல்லை. அந்த இடம் ஏற்கனவே பள்ளமாக இறங்கியிருந்தது. காவலுக்கு நின்றவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்தான். கேட்டோம். கூரை இல்லாத வீடுகள் எல்லாம் ஐப்பசி மழையிலேயே கரைந்து, குட்டிச்சுவர்கூட நிற்காமல் படுத்துவிட்டன என்றார். அப்புறம் மெஷின் வந்து மேல்மண்ணை வழித்துக்கொண்டு போய் சுரங்கத்து மண்மேட்டில் கொட்டிவிட்டதாம். ஜோசப் டிராக்டரை அணைக்காமலே உட்கார்ந்திருந்தான். அப்பா அன்றைக்குச் சிமெண்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதிரியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குத் திரும்பி வந்ததும் அம்மா கேட்டாள். "வருதும்மா" என்றேன்.

அம்மா ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை போனாள். கடைசி மூச்சுக்கு முன்னால் அவள் மண்ணைக் கேட்கவில்லை, நினைவு இல்லை. அது ஆண்டவர் செய்த உபகாரம். அப்போதுதான் எனக்கு படம் எடுக்க வந்த பிள்ளையின் ஞாபகம் வந்தது. அவன் நம்பர் ஜோசப்பிடம் இருந்தது. கூப்பிட்டுச் சொன்னேன். "கட்டி எங்கிட்ட பத்திரமா இருக்குங்கம்மா. ஆனா எங்கிட்ட இருக்கிறது மேற்குச் சுவரு" என்றான். தெரியும், கொண்டு வா தம்பி என்றேன். சுவர் எழுப்பி மிஞ்சிய மண்ணை அம்மா மற்றச் சுவர்களின் வெடிப்பில் அப்பியது எனக்கு நினைவிருந்தது. அடுப்படிச் சுவரிலும் அப்பினாளா, அப்பிய இடத்திலிருந்துதான் பெயர்த்துக் கொடுத்தாளா என்று யாருக்குத் தெரியும்.

அடக்கத்துக்கு நேரே கல்லறைத் தோட்டத்துக்கே வந்துவிட்டான். துணியில் சுற்றி, பிள்ளையைத் தூக்கிவருகிற மாதிரி இரண்டு கையிலும் வைத்திருந்தான். ஜோசப் அதைப் பார்த்ததும் உடைந்து அழுதான். "எல்லாம் நம்ம வூட்டு மண்ணுதானக்கா. போட்டுடு" என்றான். பெட்டியை இறக்கிச் சாமியார் செபம் முடித்து, மண் போடச் சொல்லி என்னைப் பார்த்தார். நான் கட்டியை வாங்கினேன். ஒரு மூலையை நகத்தால் சுரண்டி வாயில் போட்டேன். அத்தனை பேருக்கு முன்னால், பேரன் பேத்தி எடுத்த பொம்பளை. பழைய தெருக்காரர்களுக்கு மட்டும் புரிந்திருக்கும். பல்லுக்கு நடுவே நறநறவென்றது. நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

புகை. கரிப்பு. அடுப்படிச் சுவர்.

கட்டியை உடைத்து அம்மாவின் மேல் போட்டேன். வேறு என்ன செய்ய? அவள் ஆயுசெல்லாம் அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் எங்களுக்குச் சோறு ஆக்கினாள். என்ன ருசி என்று ஜோசப் என்னைக் கேட்கவில்லை, பந்தயத்தில் தோற்றபோது பார்க்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்தான், அப்புறம் குனிந்து அவனும் ஒரு பிடி போட்டான். வீட்டுக்கு வந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தேன்.

அந்தப் பிள்ளை எடுத்த படத்தைச் சட்டம் போட்டு எங்கள் வீட்டில் மாட்டியிருக்கிறேன். கிழக்குச் சுவர், பிறை, மூக்குடைந்த மாதா, அம்மாவின் விரல் பிறைகள். முன்கட்டில் இருக்கிற கடைக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு யார் வரைந்த படம் என்று கேட்கிறார்கள். அந்த மேட்டில் முதலில் குடியேறியவர்களின் வீடுகளில் இன்றைக்கு ஒன்றுகூட இல்லை. "சவரிமுத்து வூட்டாண்ட" என்று வழி சொல்ல அங்கே வழியும் இல்லை. என் வீட்டு மொட்டைமாடியில் ஏறினால் சுரங்கத்து மேல்மண்ணைக் கொட்டிய மேடு தெரிகிறது. மேலே புல்லும் முள்ளும் முளைத்துவிட்டன. என் பேத்தி அதை மலை என்கிறாள். நானும் திருத்துவதில்லை.

கல்லறைத் திருநாள் அன்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்லறைத் தோட்டத்தில் ஏற்றிவிட்டு வந்து, மூன்றாவது மெழுகுவர்த்தியை மாடியில், அந்த மேட்டைப் பார்க்க வைத்து ஏற்றுகிறேன். மழைக்காலக் காற்று, நிற்பதில்லை, மறுபடி ஏற்றுவேன். தாயும் பிள்ளையும் பரலோகத்தில் சேர்ந்திருப்பார்கள் என்று சாமியார் சொல்கிறார். நானும் அப்படியே விசுவசிக்கிறேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அம்மா கேட்டது அதை அல்ல. என் அண்ணன் அந்த மேட்டுக்குள் எங்கேயோ கிடக்கிறான். அம்மா இங்கே அப்பாவுக்குப் பக்கத்தில், அடுப்படி மண்ணோடு கிடக்கிறாள்.